சிட்டு குளிக்கும் சோப்பு

ஜூன் 3

சின்னவளே,

சமாதானம் பேச எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. சோப்பு கெட்டுப்போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். போன் எண்ணை மாற்றிவிட்டீர்கள். மாற்றாமல் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். வாயைத் திறந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே நமக்குள் முட்டிக்கொள்ளும். முகவரி நம் தெரு டெய்லர் கொடுத்தது.

அந்த ஆள் ஏப்ரல் தொடக்கத்தில் துணி எடுக்க உங்கள் பக்கம் வந்தபோது சிட்டுவைப் பார்த்தாராம். "வெயில் மண்டையப் பொளக்குது, பாப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. முழங்கை மடிப்புல ரத்தம் ஊறிக் காஞ்சிருக்கு" என்றார். ஊரில் எல்லாரும் குழந்தை முகத்தைப் பார்ப்பார்கள், டெய்லர் சட்டைக் கையைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே சோப்பு அச்சைத் தேடி எடுத்தேன்.

கடை சோப்பு போடுகிறாய், இல்லையா? அவள் தோலுக்குக் கடை சோப்பு ஆகாது என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? தவழ்கிற வயதில் அவள் கை கால் மடிப்பெல்லாம் வெடித்துப் பிளந்தபோதுதானே, நீயும் நானும் எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் வைத்துக்கொண்டு சோப்பு கலக்கக் கற்றுக்கொண்டோம். ஊருக்கு விற்றது பிறகு வந்த கதை. ஓரகத்திகள் ஒத்துப்போன வீடு உலகத்திலேயே கிடையாது என்பார்கள். நாம் சில வருஷம் அதைப் பொய்யாக்கிப் பார்த்தோம், கடைசியில் அவர்கள் சொன்னதுதான் ஜெயித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவுக்காக ஒரு அச்சு ஊற்றினேன். அதே தேங்காய் எண்ணெய், அதே ஆலிவ், அதே விளக்கெண்ணெய். அச்சிலிருந்து எடுத்து வெட்டப் போனால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆறு வாரம் காய வைத்தும் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. மேலே எண்ணெய்ப் பிசுக்கு. இப்போது அங்கங்கே துரு பிடித்த மாதிரி ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்திருக்கிறது, பழைய எண்ணெய் வாடை வேறு. என் வீட்டுக்காரர், உன் பெரியவர்தான், ஒன்றை எடுத்துப்போய்க் குளித்துவிட்டு வந்து, "குளிச்சேனா, இல்ல எண்ணெயில வறுத்தெடுத்தியா?" என்று கேட்கிறார். என்ன தப்பு என்று உனக்குத் தெரியும். எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துப் புழுங்க என்னால் முடியாது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். பிறந்த அன்று நர்ஸ் அவளை என் கையில்தான் முதலில் கொடுத்தாள். ஐந்து வயது வரை என் கையால்தான் குளித்தாள். ஒரே ஒரு நாள் விடு, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

வீட்டு முகவரிக்கு இனி எழுத வேண்டாம். அவர் கையில் கிடைத்திருந்தால் ரகளையாகியிருக்கும். நான் வேலை பார்க்கும் லாண்டரியின் முகவரி பின்பக்கம் இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு எழுதுங்கள்.

சோப்பு அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் அவள்மேல் படாது. போன வருஷம் வேலை முடிந்து வந்து அந்த முதுகைப் பார்த்தவள் நான். கழுத்திலிருந்து இடுப்பு வரை வெந்த மாதிரி சிவந்து, ஏற்கெனவே வெடித்திருந்த இடமெல்லாம் பொங்கி, குழந்தை கத்தக்கூடத் தெம்பில்லாமல் விக்கிக்கொண்டிருந்தாள். அதைச் செய்தது கடை சோப்பு இல்லை, நாம் செய்த சோப்பு. தேய்த்தது நீங்கள். இப்போது கடை சோப்பில் முழங்கை வெடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெடிப்பு ஆறும். அது வேறு, இது வேறு.

அவளைப் பார்ப்பது பற்றி நான் பதில் சொல்ல முடியாது. அவரிடம் உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

கேட்டதற்குப் பதில். ஆரஞ்சுப் புள்ளி என்றால் சோப்பாக மாறாத எண்ணெய் உள்ளே மிஞ்சிக் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். பிசுக்கும் மென்மையும் அதனால்தான். ஒன்று, எண்ணெயே பழையதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கூடியிருக்க வேண்டும். முதலில் எண்ணெய்ப் புட்டிகளை முகர்ந்து பாருங்கள். சளி பிடித்திருக்கும்போது முகராதீர்கள், உங்களுக்கு ஜூனில் எப்போதும் சளி.

சிட்டு நன்றாக இருக்கிறாள்.


ஜூன் 21

சின்னவளே,

நன்றாக இருக்கிறாள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பால்காரர் மாட்டைப் பற்றிக் கேட்டால்கூட நாலு வார்த்தை கூடச் சொல்வார். சாப்பிடுகிறாளா? பல் விழுந்ததா? தூக்கத்தில் இன்னும் சொறிகிறாளா? கையில் துணி உறை மாட்டித்தான் படுக்க வைக்க வேண்டும், தெரியுமில்லையா? தெரியும். உன்னிடம் போய்க் கேட்கிறேன் பார்.

சளி இருந்தது. போன பிறகு முகர்ந்தேன். எண்ணெயில் குற்றமில்லை. ஆனாலும் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கி இன்னொரு அச்சு ஊற்றினேன். அதில் ஒரு கூத்து. சிட்டுவுக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை பிடிக்குமே என்று வாசனை எண்ணெய் ஒரு புட்டி வாங்கிவந்து, கூழ்ப் பதம் வந்ததும் ஊற்றினேன். ஊற்றினதுதான் தெரியும். கலக்கி மெஷின் அப்படியே நின்றுவிட்டது. பாத்திரத்தோடு கல்லாக இறுகிப்போச்சு. கரண்டியால் குத்திக் குத்தி எடுத்து அச்சில் திணித்தேன். இப்போது பார்த்தால் இடிந்த சுவர் மாதிரி இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, அதிலும் எண்ணெய் கசிகிறது. புது எண்ணெய்தான், ஆனாலும் கசிகிறது.

பாகம் பிரித்து நடுவில் எழுப்பிய சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது நம் சோப்பு அறை. உங்கள் பாகத்துக்கு வாடகைக்கு வந்தவர்கள் அதில் சைக்கிள் நிறுத்துகிறார்கள். நான் அடுப்பு மேடையில் வைத்துக் கலக்குகிறேன். ஒருவேளை இடம் மாறினதால் இருக்குமோ?

முதுகைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறாயா? சோப்பு அலமாரியில் ஆறு வாரம் காய்ந்துதான் இருந்தது. ஓரமெல்லாம் சீவி அடுக்கியிருந்தது. சோடா மிஞ்சியிருந்தால் நாக்கில் வைத்ததும் கடிக்குமே, சீவின நீ வைத்துப் பார்த்திருப்பாய் என்று எடுத்தேன். நீ பார்க்கவில்லை. இத்தனைக்கும் மேலே ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாய். அதை எழுதக்கூட என் கை வரவில்லை.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

இடம் மாறினால் எண்ணெய் கசியாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வாசனை எண்ணெய் சில, சோப்பை உடனே இறுக்கிவிடும். கொஞ்சமாக ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய பாத்திரத்தில் ஊற்றுவோம், அதுவும் கலக்கியை நிறுத்திவிட்டுக் கரண்டியால். நூறு தரம் சொல்லியிருக்கிறேன். அதுவும் இல்லாமல் வெடித்த தோலுக்கு எந்த வாசனையும் கூடாது. அவளுக்குப் பிடித்தால் ஒரு ஆரஞ்சு வாங்கிக் கொடுக்கலாம்.

எண்ணெய் புதியது, ஆனாலும் மிஞ்சுகிறது என்றால் சோடா குறைகிறது. சோடாவை யார் அளந்தது? நீங்கள் அதைத் தொட மாட்டீர்களே. எண்ணெய் உங்கள் வேலை, சோடா என் வேலை என்றுதானே இருந்தோம்.

நான் சொன்னதைப் பற்றி. நினைவிருக்கிறது. "பெத்திருந்தா கை நடுங்கியிருக்கும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் சொன்னதை விட்டுவிட்டீர்கள். டாக்டர் காதில் விழும்படி, "அளக்கத் தெரியாதவ கையில சோடாவைக் கொடுத்தது என் தப்பு" என்றீர்கள். நாக்கில் வைத்துப் பார்க்க நான் மறந்தது உண்மை. அளந்தது தப்பில்லை. முள் சரியாகக் கோட்டில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். அதை நீங்கள் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. இன்றைக்கும் ஏதாவது பேச்சு வந்தால், "நீ அளந்த லட்சணம்தான் தெரியுமே" என்பார். குழந்தையைச் சுட்டவள் என்று என் வீட்டில் எனக்குப் பெயர். நீங்கள் தேய்த்ததோடு போனீர்கள். நான் தினமும் அந்த முதுகுக்குக் களிம்பு தடவுகிறேன்.

பல் ஒன்று விழுந்தது, மேல் வரிசையில். சொறிகிறாள். உறை மாட்டினால் பல்லால் கழற்றிவிடுகிறாள். பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை, ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களாம். அதனால்தான் முழுக்கைச் சட்டை.


ஜூலை 10

சின்னவளே,

யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கிறது. இங்கிருந்து என்ன செய்ய?

உனக்கு வீட்டில் அப்படி ஒரு பெயர் என்று எனக்குத் தெரியாது. கொழுந்தன் அப்படிப் பேசுவார் என்றும் நினைக்கவில்லை. நான் ஆத்திரத்தில் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார் போல. கோபத்தில் சொன்னேன், ஆனால் நம்பித்தான் சொன்னேன். பொய் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த முடியாது. நான் எண்ணெயைச் சரியாக அளந்தேன், அது எனக்குத் தெரியும். அப்படியானால் சோடா கூடியிருக்க வேண்டும். வேறென்ன நினைப்பேன், சொல்.

சோடாவை இப்போது நான் அளப்பதில்லை. சூடு கண்ட பூனை. கெமிக்கல் கடைக்காரரிடம் எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் அவரே நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார். அதை அப்படியே தண்ணீரில் கொட்டுகிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எண்ணெயை மட்டும் நம் முள் தராசில் அளக்கிறேன். பாகம் பிரித்தபோது அது என்னிடம் வந்ததே, அதில்தான்.

கடைக்காரர் ஏமாற்றுவார் என்கிறாயா? அந்த ஆள் மூக்கு நுனியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உப்பு நிறுக்கிற மாதிரி நிறுக்கிறார்.

அக்கா


ஜூலை 17

அக்காவுக்கு,

லாண்டரியில் இஸ்திரி மெஷின் ரிப்பேர். சட்டைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அடுத்த பொட்டலம் வாங்கினால் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து நம் தராசில் வையுங்கள். எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள்.


ஜூலை 25

சின்னவளே,

வைத்தேன். குறைவாகக் காட்டியது. கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே குறைவு. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் பொட்டலத்தை வாங்கினார். தன் தராசில் வைத்துக் காட்டினார், சரியாக இருந்தது. "உங்க தராசைக் கொண்டாங்கம்மா, பார்ப்போம்" என்றார்.

கொண்டுபோனேன், விடுவேனா? முத்திரை குத்திய ஒரு கிலோ இரும்புக் கல்லை நம் தராசின் தட்டில் வைத்தார். முள் தொள்ளாயிரத்திலேயே நின்றுவிட்டது. தட்டினார், திருப்பினார், மறுபடி வைத்தார். தொள்ளாயிரம்தான். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு, தேவையில்லாமல் ஒரு பக்கெட் பிளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ சொன்னது சரி. தராசு குறைத்துக் காட்டுவதால் நான் ஒரு கிலோ என்று நினைத்து ஒரு கிலோவுக்கு மேலே எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த சோடா சரியான ஒரு கிலோ எண்ணெய்க்குத்தான். எண்ணெய் மிஞ்சாமல் என்ன செய்யும்?

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நீ வந்த புதிதில் அலமாரியிலிருந்து விழுந்ததே அந்தத் தராசு, அன்றிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். பின்னே இத்தனை வருஷம் நமக்கு நல்ல சோப்பு எப்படி வந்தது?

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

எண்ணெயையும் அதில்தான் அளந்தோம், சோடாவையும் அதில்தான் அளந்தோம். எண்ணெய் எவ்வளவு கூடியதோ அதே கணக்கில் சோடாவும் கூடியது. இரண்டும் ஒரே பொய்யில் இருந்ததால் சோப்பு மெய்யாக வந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் வேறு தராசில் அளந்தால்தான் கெடும்.

இதை எழுதிவிட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். சட்டை வாங்க வந்தவர் மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் காதில் விழவில்லை.

அக்கா, முதுகு வெந்த அந்த அச்சு. அதை ஊற்றின வாரம்தான் அவர் எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவந்தார். இப்போது என்னிடம் இருக்கிறதே, அது. நான் சோடாவைப் பழைய முள் தராசில்தான் அளந்தேன். எனக்குப் புதியது பழகவில்லை.

நீங்கள் எண்ணெயை எதில் அளந்தீர்கள்?


ஆகஸ்ட் 6

சின்னவளே,

புதியதில்.

கொழுந்தன் ஆசையாக வாங்கிவந்து, "அண்ணி, இனிமே கண்ணைச் சுருக்கி முள்ளைப் பாக்க வேண்டாம்" என்று மேடைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒருத்தரும் தொடவில்லை என்றால் அவர் மனசு கஷ்டப்படுமே என்று நான் எடுத்தேன். சிவப்பு நம்பர் பளிச்சென்று வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். நீ அந்தப் பக்கம் ஜன்னலோரம் முகத்தில் துணி கட்டிக்கொண்டு சோடா அளந்துகொண்டிருந்தாய். நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

எண்ணெய் சரியாக இருந்திருக்கிறது. முள் தராசு குறைத்துக் காட்டியதில் சோடா கூடியிருக்கிறது. ஆனால் நீ தப்பாக அளக்கவில்லை. நானும் தப்பாக அளக்கவில்லை.

இரண்டு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் பெரியவரிடமும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதுக்காடி ஒரு வீட்ட ரெண்டாக்கினோம்?" என்றார். பிறகு சாப்பிடாமலே அச்சகத்துக்குப் போய்விட்டார். அவர் வேலைக்குச் சாப்பிடாமல் போனதை நான் பார்த்ததில்லை.

அளக்கத் தெரியாதவள் என்றேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் முன்னாலும் எடுத்துக்கொள்கிறேன். உனக்கு நான் பெரிய அநியாயம் செய்துவிட்டேன். கொழுந்தனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. உன் பெயர் உன் வீட்டில் சுத்தமாகட்டும். எனக்கு அதற்குப் பதிலாக எதுவும் வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் வேண்டும். சிட்டுவைப் பார்க்க வேண்டும்.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். பிறகு, "அப்ப நான் வாங்கின தராசாலதான்னு சொல்றீங்க" என்றார். யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றேன். எழுந்து போய் அந்தத் தராசை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பரணில் போட்டுவிட்டார். நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. என்மேல் இருந்த பழி போனால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பழி போய் அவர்மேல் உட்கார்ந்திருக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை. யார்மேலும் இல்லாமல் ஒரு பழி இருக்கவே இருக்காதா?

நேற்றுச் சாப்பிடும்போது, நிமிர்ந்து பார்க்காமல், "அண்ணி வர்றதுன்னா வரட்டும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நானும் ஒன்று திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கை நடுங்காத கை இல்லை. அவளுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டரைக்கூடப் பிடிக்க முடியாமல் என்னிடம் நீட்டினீர்களே. எனக்குத் தெரிந்தே, எங்கே வலிக்கும் என்று பார்த்துச் சொன்னேன். ரொம்பத் தப்பு.

வரும்போது சோப்பு கொண்டு வாருங்கள். எண்ணெய், சோடா, தண்ணீர் மூன்றையும் ஒரே தராசில் அளங்கள். எண்ணெயும் சோடாத் தண்ணீரும் இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள். வாசனை வேண்டாம், நிறம் வேண்டாம். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாதீர்கள், பார்த்துக் கொட்டுங்கள். ஆறு வாரம் காயட்டும். அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். சிட்டு உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த வீட்டில் யாரும் பேசாததால் அவளும் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.


செப்டம்பர் 30

சின்னவளே,

சோப்பு வந்துவிட்டது. நீ பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திண்டாடுவாய். யானைத் தந்த நிறம். தட்டினால் மரக்கட்டை மாதிரி சத்தம். பிசுக்கு இல்லை, புள்ளி இல்லை. மேலே மட்டும் சாம்பல் பூத்த மாதிரி லேசாக வெள்ளை படிந்தது, அது வெறும் காற்றுப் பட்டதால் என்று நீதான் முன்பே சொல்லியிருக்கிறாயே, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

ஒவ்வொரு கட்டியையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு அச்சுக்கு ஒன்று பார்த்தால் போதும் என்று தெரியும். இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தேன். நாக்கு இப்போது சோற்றுக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடக்கிறது. எதுவும் கடிக்கவில்லை. பிறகு என் முழங்கை மடிப்பில் பீர்க்கை நாரால் சிவக்கும்வரை தேய்த்து, அதன்மேல் நுரையைப் போட்டு வைத்துக்கொண்டேன். எரியவில்லை.

அடுத்த ஞாயிறு வருகிறேன். முதல் பஸ். டெய்லரிடம் சொல்லி அரைக்கைச் சட்டை இரண்டு தைத்திருக்கிறேன், உள்ளே தையல் உறுத்தாத மாதிரி. அளவு குத்துமதிப்புதான். எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று கையைத் தூக்கிக் காட்டினேன், அவர் அதைப் பார்த்து வெட்டினார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடம் சொல்ல?

அக்கா


அக்டோபர் 10

அக்கா,

என்ன நடந்தது?

மெஷின் மறுபடி நின்றுபோய், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் முதலாளி கூப்பிட்டதால் போனேன். உங்கள் கொழுந்தனும் உங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்று என்னோடேயே வந்துவிட்டார். உங்களையும் அவளையும் தனியாக விட்டால் பழையபடி ஒட்டிக்கொள்வீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். வந்து பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மாவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள். சாயங்காலம் வரை இருப்பதாகத்தானே பேச்சு? மதியமே போயிருக்கிறீர்கள். "பாப்பா தூங்குது, எழுப்ப வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றார் அந்த அம்மா.

சிட்டு எழுந்து விளையாடினாள். கேட்டால், "பெரியம்மா வந்தாங்க, போயிட்டாங்க" என்கிறாள், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. குளியலறையில் புது சோப்பு ஒரே ஒரு தரம் நனைந்து காய்ந்திருக்கிறது, பக்கத்தில் கடை சோப்பு ஈரமாக இருக்கிறது. அரைக்கைச் சட்டை அளவாக இருக்கிறது, போடு என்றால் போட்டுக்கொள்கிறாள்.

உங்களை நான் ஏதாவது சங்கடப்படுத்திவிட்டேனா? அவரும் கேட்கிறார். அடுத்த மாதமும் வரச் சொல்லு என்று அவராகவே சொன்னார். பதில் போடுங்கள்.


அக்டோபர் 15

சின்னவளே,

நீ ஒன்றும் செய்யவில்லை. கொழுந்தனும் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேரும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் போனதும் அவள் நன்றாகத்தான் பேசினாள். பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். புத்தகத்தைக் காட்டினாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், பள்ளிக்கு வந்த இன்ஸ்பெக்டருக்குச் சொல்கிற மாதிரி. போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன். குளிக்கலாமா என்றேன். வந்தாள். தானாகவே சட்டையைக் கழற்றினாள். அந்த முதுகை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு எனக்கு யாரும் காட்டவில்லையே. தோள்பட்டைக்குக் கீழே இன்னும் நிறம் சேரவில்லை.

கையில் நுரை எடுத்து முழங்கையில் மட்டும் மெதுவாக வைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகைச் சத்தமே இல்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டுகிறது. பதறிப்போய், "எரியுதாடா கண்ணு?" என்றேன். "இல்ல" என்றாள். "பின்ன ஏன் அழற?" என்றேன். "இனிமேதான் எரியும்" என்றாள்.

கழுவிவிட்டேன். கடை சோப்பை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே நின்றேன்.

பிறகு சாப்பிட வைத்தேன். தூங்கலாமா என்றேன், பாயில் படுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள் தூங்கவில்லை, சின்னவளே. அவளைத் தூங்க வைத்தவள் நான், தூங்கினால் எப்படி மூச்சு விடுவாள் என்று எனக்குத் தெரியாதா? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நான் எப்போது எழுந்து போவேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். அதனால் எழுந்தேன்.

அவளைத் திட்டாதே. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கவும் செய்யாதே. யார் அளந்தது, எந்தத் தராசு என்றெல்லாம் நமக்குள் தீர்ந்துபோச்சு. அவளுக்குத் தெரிந்தது என் கை ஒன்றுதான்.

அடுத்த மாதம் நான் வரவில்லை. கொழுந்தனிடம் பஸ் கூட்டமாக இருந்தது, உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்.

சோப்பு நன்றாக இருக்கிறது, அதை வீணாக்காதே. முதலில் முழங்கைக்கு மட்டும் போடு, ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கழுத்துக்குப் போடு. உன் கையால் நீயே தேய்த்துவிடு. தீர்ந்தால் எழுது, செய்து லாண்டரி முகவரிக்கு அனுப்புகிறேன். நான் செய்தது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

அக்கா